கடிகாரம் குடிப்பது

திங்கட்கிழமைகளில் மட்டும் சாகிற வண்டி.
யாஸ்னா ஒயார்சோ தள்ளிக்கொண்டு வருவாள்.
நீரிணைக் காற்று சில நாள் முதுகில் கைவைத்து உதவும்,
சில நாள் மார்பில் கைவைத்து மறிக்கும்.
புந்தா அரேனாசில் காற்று யார் சொல்லையும் கேட்காது.

நண்டுத் தொழிற்சாலையில் நான்கு இரவு வேலை,
மூன்று நாள் ஓய்வு.
அந்த மூன்று நாளில்
நின்ற இடத்திலேயே தீர்ந்துபோகும் வண்டி.
பொத்தானை அழுத்தினால்
டிக். டிக். டிக்.
பல்போன வாய் வெல்லக்கட்டியைக் கடித்துப் பார்ப்பது போல.

முதல் முறை, குளிர் என்றேன்.
புது பேட்டரி விற்றேன்.
இரண்டாம் முறை,
சாவியை அணைக்க மறந்திருப்பாய் என்றேன்.
அவள் மறுக்கவில்லை.
"வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
எனக்கு மறதி அதிகமாம்."
அதற்கும் ஒரு பேட்டரி விற்றேன்.

மூன்றாம் முறை எனக்கே வெட்கமாகி
மல்டிமீட்டரை எடுத்தேன்.
அதற்கு முகதாட்சண்யம் கிடையாது.

சார்ஜ் ஏற்றிய பேட்டரி: பன்னிரண்டு புள்ளி ஏழு.
எஞ்சின் ஓட, ஆக்சிலேட்டரை முறுக்க,
பதினான்கு புள்ளி ஒன்று.
மின்சாரம் ஒழுங்காகத்தான் வருகிறது.
வரவில் குறையில்லை என்றால்
செலவைத்தான் பார்க்கவேண்டும்.

சாவியை உருவி அவள் கையில் கொடுத்தேன்,
இந்த முறை சந்தேகம் வேண்டாம் என்று.
நெகட்டிவ் ஒயரைக் கழற்றி
நடுவில் மீட்டரை வைத்தேன்.
தூங்குகிற வண்டி குடித்துக்கொண்டிருந்தது:
முப்பத்தெட்டு மில்லி ஆம்பியர்.

பெரிய ஃப்யூஸைப் பிடுங்கினேன்.
முப்பத்தேழு.
குறைந்த அந்த ஒன்று கடிகாரம்.
பாவம், அது மணி பார்க்கத்தானே வேண்டும்.

மிச்ச முப்பத்தேழும்
ஃப்யூஸுக்கு வரும் முன்பே வழிமறித்துக் குடிக்கிறது.
சிவப்பு ஒயர் ஒன்று, தொழிற்சாலை போடாதது,
பேட்டரி முனையில் தொடங்கி
மற்ற ஒயர்களோடு உறவுபோல் ஒட்டி நடந்து
டேங்க்குக்கு அடியில் போய் மறைந்தது.
டேங்க்கைத் தூக்கினேன்.
தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி.
பச்சை விளக்கு நிதானமாகக் கண்சிமிட்டியது.
உள்ளே ஒரு சிம் கார்டு.

வண்டி எங்கே நிற்கிறது என்று
யாருக்கோ சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி.
கடன் கொடுத்த கம்பெனியா என்று கேட்டேன்.
ரொக்கம் கொடுத்து வாங்கினேன் என்றாள்.
பெட்டியை அவள் பார்க்கவே இல்லை.
அதைச் சுற்றியிருந்த நீல டேப்பைத்தான் பார்த்தாள்.

"எங்கள் சமையலறைக் குழாயிலும்
இதே டேப்தான் சுற்றியிருக்கிறது."

கடையின் தகரக் கூரை ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.
இரண்டு பேட்டரி விற்ற கையை
எங்கே வைப்பது என்று தெரியாமல்
துணியில் துடைத்தேன்.
"பிடுங்கிவிடவா?"
"வேண்டாம். பிடுங்கினால் தெரிந்துவிடும்."
கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.
"இதற்கு ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா?"

முடியும். பட்டாணி அளவு சுவிட்ச்,
இருக்கைக்கு அடியில், விரல் மட்டும் அறியும் இடத்தில்.
நீல டேப்பைக் கிழியாமல் பிரித்து
பழைய மடிப்பிலேயே ஒட்டினேன்.
என் தொழிலில் இவ்வளவு பொறுமையாக
எதையும் நான் ஒட்டியதில்லை.

"திடீரென்று ஏன் காணோம் என்று கேட்டால்?"
அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.
"பேட்டரி போய்விட்டது என்பேன்.
அதுதான் எல்லோருக்கும் தெரியுமே."

இரண்டாவது பேட்டரியின் பணத்தைத் திருப்பித் தந்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.
கிளம்பும் முன், ஃப்யூஸைப் போட்டு
சுவிட்சை அணைத்து மீட்டரைக் காட்டினேன்:
ஒன்று.
"இது யார்?"
"கடிகாரம்."
"அது இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த திங்கள் அவள் வரவில்லை,
அதற்கடுத்த திங்களும்.
வண்டிக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்,
காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி
காற்று வரும் பக்கமாகத்
தெருவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு.